மார்ச்சில் கொடுத்திருந்தாலும்

எனக்கு வந்த புற்றுநோயை எங்கள் தீவில் யாரும் புற்றுநோய் என்று சொல்வதில்லை. ஆமை என்பார்கள். மெதுவாக நகரும், கடித்தாலும் பல் பதியாது என்று அர்த்தம். முதல் தடவை கழுத்தை அறுத்துத் தைராய்டை எடுத்துவிட்டு ஊர் திரும்பியபோது, படகுத்துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "வந்தாலும் உனக்கு நல்லதா வந்துச்சே, சேபோம் அம்மா," என்றார்கள். வயிற்றில் வந்தவர்களும் நுரையீரலில் வந்தவர்களும் அதே தெருவில் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் என்னை நோயாளி என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருந்தது. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு மறு வாரமே வேலைக்குப் போனேன்.

வான்டோ துறைமுகத்திலிருந்து படகில் வர வேண்டிய தீவு எங்களுடையது. தாசிமாதான் எங்களுக்கு வயல், மாடு எல்லாம். ஆள் உயரத்துக்கு மேல் வளரும் கறுப்புப் பட்டைப் பாசி. மே மாதம் அறுவடை தொடங்கினால் கடலிலிருந்து படகு படகாக வரும். சூரியன் ஏறுவதற்குள் சரளைக்கல் களத்தில் வலை விரித்து, ஒன்றின் மேல் ஒன்று படாமல் ஒவ்வொரு பட்டையாகப் பரப்ப வேண்டும். ஒரே வெயிலில் காய வேண்டும். மழைத்துளி பட்டால் வெளுத்துப் போகும், வாங்குகிறவன் கையால் தொடமாட்டான். அந்த இரண்டு மாதம் தீவில் யாருக்கும் காய்ச்சல்கூட வராது. வந்தாலும் வந்ததாகச் சொல்ல முடியாது.

என் ஆண்டுப் பரிசோதனை மே மாதத்தில்தான் விழுந்தது. ஐந்து வருடம் தவறாமல் போனேன். ஐந்தாவது வருடம் குவாங்ஜு நகரத்து மருத்துவமனையில் நாம்குங் டாக்டர் கழுத்தில் ஸ்கேன் கருவியை வைத்து மெல்ல உருட்டிப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்குங்க. ஆனா வருஷா வருஷம் வந்துருங்க. இந்த நோய்க்குப் பொறுமை ஜாஸ்தி. இருபது வருஷம் கழிச்சும் எட்டிப் பாக்கும்," என்றார். என் கணவர் தோக்சூ பக்கத்தில்தான் நின்றார். முதல் வாக்கியம் அவர் காதில் விழுந்தது. மற்றவை விழவில்லை.

ஐந்து வருடம் தாண்டினால் எங்கள் ஊரில் அது பட்டம் வாங்கிய மாதிரி. தோக்சூ வீடு வீடாக அரிசிக் கொழுக்கட்டை கொடுத்தார். அவருடைய அண்ணன் மனைவி, என் ஓரகத்தி மால்சூன், ஊரே சாப்பிட உட்கார்ந்திருந்தபோது என் தோளைத் தட்டி, "எங்க வீட்டுல காலேஜ் படிச்சவ யாரும் இல்ல. இவளாவது ஆஸ்பத்திரில படிச்சுப் பாஸ் பண்ணிட்டா," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மால்சூன் அக்கா சொன்னால் சிரிப்பு வரும். மாமியார் போன பிறகு இரண்டு வீட்டுக்கும் அவள்தான் வாய்.

அடுத்த மே மாதம் பரிசோதனைத் தேதியை நினைவூட்டி மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் செய்தி வந்தது. களத்தில் இருந்தேன். கை முழுக்கப் பாசியின் வழவழப்பு. தோக்சூவிடம் சொன்னேன்.

"இன்னிக்கு வெயில பாரு," என்றார். "இந்த மாதிரி வெயில் நாலு நாள் கெடைச்சா போதும். அடுத்த மாசம் போலாம்."

"அடுத்த மாசமும் அறுப்புதானே."

"அப்ப அதுக்கடுத்த மாசம்."

மால்சூன் அக்கா குனிந்தபடியே, "கழுத்துல ஒண்ணுமே இல்லாதவளுக்கு எதுக்குக் கழுத்துப் பரிசோதனை?" என்றாள். "பல்லு இல்லாதவன் பல் டாக்டர்கிட்ட போன மாதிரி."

அந்த வருடம் போகவில்லை. அடுத்த வருடமும் போகவில்லை. அதற்கடுத்த வருடம் மே மாதத்துக்கு முன்பே, சந்திரப் புத்தாண்டு விடுமுறையில், குவாங்ஜுவில் படிக்கும் என் மகள் சேபோம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். ரத்தத்தில் ஒரு எண் ஏறியிருந்தது. தைராய்டே இல்லாத உடம்பில் இருக்கக் கூடாத எண் அது. ஸ்கேனில் கழுத்தின் இடது ஓரம் நெறி கட்டியிருந்தது. ஊசி குத்திப் பார்த்தார்கள். அதுதான். அதே நல்ல புற்றுநோய்தான், வீட்டை மறக்காமல் திரும்பி வந்திருந்தது.

இந்த முறை காது வரைக்கும் கீறினார்கள். நெறிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார்கள். இடது தோள் தூக்க முடியாமல் போனது. குரல் கரகரத்தது. ஆனால் அது போதாது என்றார் டாக்டர். கண்ணுக்குத் தெரியாமல் ஒதுங்கி நிற்பவற்றுக்கு அயோடின் கொடுக்க வேண்டும்.

"இந்த செல்லுங்க எங்க ஒளிஞ்சிருந்தாலும் அயோடினக் கண்டா விடாது," என்றார். "ஒரு மாசம், தைராய்டுக்குப் பதிலா நீங்க தினம் போடுற மாத்திரைய நிறுத்திடுவோம். ரெண்டு வாரம் அயோடின் சுத்தமா இல்லாத சாப்பாடு. பசியில தவிச்சுக்கிட்டு இருக்கும்போது, கதிர்வீச்சு ஏத்தின அயோடினக் குடுப்போம். அள்ளித் தின்னும். தின்னுட்டு அதுலயே சாகும். ஆனா பசியோட இருந்தாத்தான். வயிறு நெறஞ்சிருந்தா திரும்பிக்கூடப் பாக்காது. நீங்க எந்த ஊருங்க?"

சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"கடல்ல வர்ற எல்லாத்துலயும் அயோடின், பாசியில ரொம்ப ஜாஸ்தி. ரெண்டு வாரம் வேற எங்கயாவது தங்க முடியுமா? உள்நாட்டுப் பக்கம், சொந்தக்காரங்க யாராவது?"

"எதுக்குங்க டாக்டர்?" என்றார் தோக்சூ. "நான் இருக்கேன்ல. நானே ஆக்கிப் போடுறேன்."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் அடுப்புப் பக்கம் வந்ததில்லை. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். காது சிவந்திருந்தது. எனக்கும் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அதை இன்றைக்கு நினைத்தால் கசப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்போது இளகியது உண்மை.

மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித்தான் அனுப்பினார்கள். சொல்வது வேறு, ஆவது வேறு. முதலில் விரல் நுனிகள் குளிர்ந்தன. பிறகு முகம் ஊதியது. பேச ஆரம்பித்தால் வார்த்தை தொண்டைக்கு வருவதற்குள் எதற்காகப் பேசினேன் என்பது மறந்துபோனது. மார்ச் மாத வெயிலில் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சூடேற்றிய தரையில் பூனை மாதிரிச் சுருண்டு கிடந்தேன். கிணற்றுக்கு அடியில் இருந்துகொண்டு மேலே நடமாடும் ஆட்களைப் பார்ப்பது போல இருந்தது.

மேலே நடமாடியவர் தோக்சூ. கடல் உப்பு, சோயா, பாசி, மீன், முட்டை மஞ்சள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார். நகரத்திலிருந்து அயோடின் சேர்க்காத, சுத்திகரித்த உப்பு வாங்கி வந்தார். எனக்கென்று தனிப் பானை, தனிக் கரண்டி. உருளைக்கிழங்கைத் தோல் சீவி, பாதியைத் தோலோடு வெட்டி எறிந்து, மீதியை வதக்கினார். வெள்ளரிக்காயில் வினிகர் ஊற்றினார். சோற்றை மட்டும் அழகாக ஆக்கினார். ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக, மினுமினுப்பாக.

"சோறு நல்லாருக்கு," என்றேன். நாக்கு மரத்திருந்தது, ஆனாலும் அது தெரிந்தது.

"எங்கம்மா கை," என்றார். "கொஞ்ச வருஷம் பக்கத்துல நின்னு பாத்ததுதான்."

மால்சூன் அக்கா ஒருநாள் கிம்ச்சி ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நெத்திலிச் சாறு ஊற்றி, எங்கள் தீவு உப்பில் ஊறப்போட்ட முட்டைக்கோஸ். வேண்டாம் என்றேன்.

"ஒரு துண்டு. வாய்க்கு வெளங்கட்டும்."

"வேணாம்க்கா. உப்பு ஆகாது."

"என் கைல போட்ட உப்பு உனக்கு ஆகாதா?"

"உங்க கை இல்லக்கா. கடல் உப்பு."

"கடல் உப்பு தின்னுதான் நீ சேபோமப் பெத்த. பெத்ததும் நான்தான் உனக்குப் பாசி சூப் வெச்சு ஊத்துனேன், வேளைக்கு ஒரு சட்டி. அப்ப ஆச்சு, இப்ப ஆகாது." ஜாடியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். "மலைக்கோயில்ல சந்நியாசினிங்க திங்கிற மாதிரித் தின்னுட்டுக் கெட. மொட்ட அடிச்சுக்கிட்டா இன்னும் பொருத்தமா இருக்கும்."

வாசல் வரை போய்த் திரும்பி வந்து, என் கம்பளியை இழுத்துக் காலை மூடிவிட்டுப் போனாள்.

இரண்டு வாரம் அப்படியே கழிந்தது. அவர் ஆக்கிப் போட்டதைத் தவிர நான் எதையும் வாயில் வைக்கவில்லை. ரொட்டித் துண்டுகூட இல்லை. குவாங்ஜுவுக்குப் போய்ச் சிறுநீர் கொடுத்துவிட்டு சேபோமின் அறையில் தங்கினோம். காலையில் பை, மாற்று உடை, எச்சில் ஊறுவதற்காக எலுமிச்சை மிட்டாய், எல்லாம் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தோம். ஈயச் சுவர் வைத்த தனியறை எனக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த மாதிரி அறைகள் குறைவு. வாரக்கணக்கில் காத்திருந்து கிடைத்த இடம் அது.

எங்களை அறைக்கு அனுப்பவில்லை. உணவு ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் அனுப்பினார்கள். சேபோம் வயதுதான் இருக்கும். கணினியைப் பார்த்துவிட்டு, "சிறுநீர்ல அயோடின் பல மடங்கு இருக்குங்க," என்றாள். "இன்னிக்குக் குடுத்தா வீண். டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாங்க."

எனக்கு உடனே புரியவில்லை. அந்தக் கிணற்றுக்குள் சத்தம் இறங்கி வர நேரம் பிடித்தது. புரிந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது மால்சூன் அக்காவின் ஜாடிதான்.

தோக்சூவுக்கும் அதேதான் தோன்றியிருக்க வேண்டும். "அண்ணிதான்," என்றார். "நான் படகுக்குப் போன நேரம் பாத்து உப்ப மாத்தி வெச்சிருப்பாங்க." அங்கேயே தொலைபேசியை எடுத்தார். "அண்ணி, உண்மையச் சொல்லுங்க. அவ சாப்பாட்டுல என்ன கலந்தீங்க? இல்ல, கேக்குறதுக்கு மட்டும் பதில். ஆஸ்பத்திரிலேந்துதான் பேசுறேன். வைத்தியமே நின்னுபோச்சு தெரியுமா?" மறுமுனையில் அக்காவின் குரல் உயர்வது எனக்கும் கேட்டது. அவர் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். என் சார்பில் அவர் யாரிடமாவது சண்டை போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆலோசனைப் பெண் அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள். "ஒண்ணொண்ணா பாத்துருவோங்க," என்றாள். "சமைச்சது யாரு?"

"நான்தான்." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காய்க்கு என்ன உப்பு?"

"நீங்க சொன்ன உப்பு. பாக்கெட்ட வேணா கொண்டாந்து காட்டுறேன்."

"சோறு எப்படி ஆக்குனீங்க?"

"சோறா?" அவர் முகத்தில் ஒரு சின்ன மலர்ச்சி. யாரும் இதுவரை கேட்காத கேள்வி. "அரிசியத் தண்ணி தெளியுற வரைக்கும் கழுவணும். அப்பறம் ஊற வெக்கணும். உள்ளங்கை முழுகுற அளவு தண்ணி. ஒரு துண்டு தாசிமா போட்டு மூடணும். கொதி வந்ததும் தாசிமாவ எடுத்துறணும். விட்டா வழவழன்னு ஆயிரும். அங்கதான் பலரு தப்புப் பண்றாங்க."

அந்தப் பெண் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"தினமும் போட்டீங்களா?"

"போட்டேனா?" என்றார். "எடுத்துட்டேங்க. ஒரு துண்டுகூட அவ தட்டுல விழல. அதுல நான் கவனமா இருந்தேன்."

"அதுல இருக்கிற அயோடின் தண்ணில எறங்கிரும்ங்க. கொதிக்கிற தண்ணில மொத்தமும் எறங்கிரும். அதைத்தான் அரிசி குடிக்குது."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "எடுத்துட்டேனே," என்றார் மறுபடியும், மெதுவாக.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நிலையில் கோபத்துக்கும் மாத்திரை தேவைப்பட்டது. சோறு நல்லாருக்கு என்று நான் சொன்னது மட்டும் நினைவுக்கு வந்தது. பிறந்ததிலிருந்து அந்தச் சோற்றைத்தான் தின்றிருக்கிறேன். சோற்றின் ருசியே அதுதான் என்று நினைத்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் நானே அந்தத் துண்டைப் போட்டு எடுத்திருக்கிறேன், கை தானாகப் போகும். அவர் போட்டிருப்பார் என்பது எனக்கும் தோன்றவில்லை. ஆனால் நானே ஆக்கிப் போடுறேன் என்று டாக்டரிடம் சொன்னது நானில்லை.

அடுத்த அறை மே மாத நடுவில்தான் கிடைத்தது.

ஊருக்குத் திரும்பியதும் மால்சூன் அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். "கலந்தவ வந்துருக்கேன்," என்றாள். "போலீஸ்ல ஒப்படைக்கிறதுன்னா ஒப்படைங்க." தோக்சூ தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவள் சிரிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு சிரித்துவிட்டாள். அவள் சிரித்தது தப்பாகப் போயிற்று. அன்றிலிருந்து அது கதையாகிவிட்டது. படகுத்துறையில், சோஜுச் சாராயக் கடையில், கூட்டுறவுச் சங்கத்தில், பாசியைக் கண்ணில் காட்டக் கூடாதென்று டாக்டர் சொன்ன பெண்டாட்டிக்கு வேளை தவறாமல் தாசிமாச் சோறு போட்ட தோக்சூவின் கதை. நாளடைவில் அவரே அதைச் சொல்ல ஆரம்பித்தார். ஒருமுறை கடை வாசலில் நான் நிற்பது தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தார். "எடுத்துட்டேனே" என்ற இடத்தில் நிறுத்தி, கையைக் கரண்டி மாதிரித் தூக்கிக் காட்டினார். அவர் நல்ல கதைசொல்லி என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மே மாதம் நெருங்கியது. தேதியைச் சொன்னேன்.

"அறுப்பு உச்சத்துல இருக்குமே," என்றாள் மால்சூன் அக்கா. நால்வரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், அவள் வீட்டில். நான் மட்டும் முன்கூட்டியே, பாசி படாத என் டப்பாச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். "ஜூலைக்குத் தள்ளிக் கேளு. ஆமதான. ரெண்டு மாசத்துல எங்க ஓடிரப் போவுது?"

"தள்ளுனா எப்ப கெடைக்கும்னு தெரியாதுக்கா."

"ஒன் தோளும் தூக்க வரல. இருந்தாலும் ஒரு ஆளு ஒரு ஆளுதான். நிழல்ல உக்காந்து காஞ்சதக் கட்டுனாக்கூடப் போதும்."

நான் தோக்சூவைப் பார்த்தேன். அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சூப்பைப் பார்த்தார். அந்தச் சுற்று முடிந்து மறுபடி என்னிடம் வந்தபோது தோக்சூ, "டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாம், தப்பில்லையே," என்றார்.

"நான் கெளம்புறேன்," என்றேன். "ரெண்டு வாரம் முன்னாடியே. நம்வோன்ல ரூம் பாத்திருக்கா சேபோம். மலைப் பக்கம். நானே ஆக்கிக்கிறேன்."

"என் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

இதற்கு மால்சூன் அக்காதான் பதில் சொன்னாள். "இருந்துச்சு தம்பி. நீதான் அத எடுத்துட்ட." அண்ணன் வாய்க்குள் இருந்த சூப்பைத் துப்பிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதை அவள் கவனித்தாள். நான் கிளம்பிய அன்றைக்கு என்னோடு படகுவரை நடந்து வந்தாள். களத்தில் ஒரு ஆள் குறைவதை அவள் மன்னிக்கவில்லை. ஆனாலும் பையை அவள்தான் தூக்கிக்கொண்டாள்.

நம்வோனில் ஒரு துணிக்கடைக்கு மேல் அறை. சன்னலைத் திறந்தால் மலை. கடலின் வாசனை இல்லாத காற்றில் நான் அதுவரை இத்தனை நாள் இருந்ததில்லை. ஏதோ ஒன்றைக் கழுவி நீக்கிய மாதிரி இருந்தது காற்று. வெறும் தண்ணீரில் ஆக்கிய சோறு காகிதம் மாதிரி இருந்தது. தின்றேன். மாத்திரையை நிறுத்தியதில் மறுபடியும் குளிர்ந்தேன், ஊதினேன், மறந்தேன். தோக்சூ அழைப்பார். மழை வரும்போலிருக்கிறது என்பார். ஆள் கிடைக்கவில்லை என்பார். "நீ இருந்திருந்தா" என்று தொடங்கி அங்கேயே நிறுத்துவார். அவர் நிறுத்திய பிறகும் நான் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருப்பேன். களத்தில் யாரோ கத்துவதும், வலை இழுபடும் சத்தமும் கேட்கும். என்ன சாப்பிட்டாய் என்று ஒருநாள் கேட்பார் என்று நினைத்தேன். பயத்தினால் கேட்கவில்லையோ என்னவோ.

இந்த முறை சிறுநீரில் அயோடின் இல்லை. "அருமையா இருந்திருக்கீங்க," என்றாள் அந்த ஆலோசனைப் பெண். பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஈயப் பெட்டியைத் திறந்து, நீளக் குழாய் வழியாகக் காப்சூலை என் உள்ளங்கையில் விட்டுவிட்டு, கதிர் தடுக்கும் உடை போட்டவர் கதவுப் பக்கம் ஒதுங்கி நின்றார். விழுங்கினேன். கதவு மூடியது. உள்ளே நானும் எலுமிச்சை மிட்டாயும். சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டு ஓடினார்கள். என் உடம்பே இப்போது மற்றவர்கள் விலக வேண்டிய பொருள். எனக்கு அது பிடித்திருந்தது. படுத்துக்கொண்டு, உடம்புக்குள் எங்கெங்கோ பசியோடு நிற்பவை எல்லாம் ஓடிவந்து தின்பதைக் கற்பனை செய்தேன். தின்னுங்கள் என்றேன். இவ்வளவு நாள் காக்க வைத்ததற்கு மன்னிக்கவும், வயிறாரத் தின்னுங்கள்.

ஒரு வாரம் கழித்து உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு சொல்லும் நாளில் தோக்சூ வந்தார். அறுவடையைப் பாதியில் விட்டுவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தும் காதும் வெயிலில் கறுத்து. உட்காரும் இடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

நாம்குங் டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஒரு மனித உருவம், சாம்பல் நிறத்தில். வயிற்றிலும் வாயிலும் மட்டும் கறுப்பு. அது எல்லோருக்கும் வரும் என்றார். கழுத்தில் ஒன்றும் இல்லை. நெஞ்சில் ஒன்றும் இல்லை.

"சுத்தமா இருக்கா டாக்டர்?" என்றார் தோக்சூ.

"இல்லங்க." அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "ரத்தத்துல அந்த நம்பர் இன்னும் அப்படியே இருக்கு. ஏறித்தான் இருக்கு. நெஞ்சு சி.டி. ஸ்கேன்ல நுரையீரல்ல சின்னச் சின்னப் புள்ளிங்க தெரியுது. நோய் இருக்கு. ஆனா அயோடின எடுத்துக்கல. சில சமயம் திரும்பி வர்ற செல்லுங்க இப்படி மாறிருது. பழைய பசி அதுக்குக் கெடையாது. முன்னாடி வெச்சாலும் தொடாது."

"நான் ஒழுங்காத்தான் இருந்தேன்," என்றேன். என் குரல் எனக்கே முறையிடுவது போலக் கேட்டது.

"தெரியும். நீங்க செய்ய வேண்டியத எல்லாம் செஞ்சீங்க. இது சாப்பாட்டால இல்ல."

தோக்சூவின் கை முழங்காலில் நின்றது. முன்னால் குனிந்தார். "அப்ப டாக்டர்," என்றார். "மார்ச்சுல குடுத்திருந்தாலும்?"

"மார்ச்சுல குடுத்திருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும்."

அவர் மூச்சு விட்டார். நீண்ட மூச்சு. தண்ணீருக்கடியில் இருந்தவர் மேலே வந்து விடுகிற மூச்சு. தோள்கள் இறங்கின, கன்னத்தில் இறுகியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. கண் நிறைந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் முகத்தைக் கண்டு கொஞ்சம் மறைத்துக்கொண்டிருப்பார். அவர் கெட்டவர் இல்லை. அந்த நிமிடம் அவருக்கு நல்ல செய்தி கிடைத்திருந்தது, அவ்வளவுதான். எங்கள் இருவருக்கும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்.

"நன்றிங்க டாக்டர்," என்று எழுந்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். "ஒரு போன் பண்ணிட்டு வந்துறேன்."

கதவு முழுதாகச் சாத்தவில்லை. நடைவழியில் அவர் குரல் கேட்டது. "அண்ணே, என்னால இல்லையாம். ஆமாண்ணே, டாக்டரே சொல்லிட்டாரு. மார்ச்சுல குடுத்திருந்தாலும் இதேதானாம். அண்ணிகிட்டயும் சொல்லிருங்க. ஊர்ல சொல்லிருங்க." கொஞ்சம் இடைவெளி. "அவளா? அவளுக்கு வேலை செய்யலயாம். பாப்போம்."

நான் டாக்டரைக் கேட்டேன். "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா? அப்ப பாத்திருந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கழுத்து நெறிகள் சின்னதாக இருக்கும்போது எடுத்திருக்கலாம் என்றார். பழைய பசி அப்போது இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம் என்றார். "உறுதியா யாராலயும் சொல்ல முடியாதுங்க," என்றார்.

தோக்சூ கேட்டது எளிதான கேள்வி. அதற்கு விடை இருந்தது.

புள்ளிகள் மெதுவாகத்தான் வளரும் என்றார் டாக்டர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.டி. வேகம் பிடித்தால் வேறு மாத்திரை இருக்கிறது, அது உள்ளங்கால் தோலை உரிக்கும், அதனால் இப்போதே வேண்டாம். பார்த்துக்கொண்டே இருப்போம். "வராம மட்டும் இருந்துராதீங்க," என்றார்.

பேருந்து நிலையத்தில் தோக்சூ காகிதக் கோப்பையில் காப்பி வாங்கி வந்தார். முகம் கழுவியிருந்தார். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. "மூணு மாசம்னா ஆகஸ்ட்டு," என்றார். "ஆகஸ்ட்டுல வேலை கம்மி. நானும் வரேன். அப்பறம் நவம்பர். நவம்பரும் பரவால்ல." விரல் மடக்கி யோசித்தார். "பிப்ரவரிதான் கொஞ்சம் இடிக்கும், பாசி நாத்து நேரம். அப்பறம் மே. மே மட்டும் கொஞ்சம் முன்னப் பின்ன மாத்திக் கேட்டுக்கலாம்."

அவர் கையில் வான்டோவுக்கு இரண்டு டிக்கெட் இருந்தது.

"நான் வரல," என்றேன். "சேபோம் கூட இருக்கேன்."

"எத்தன நாளு?"

"இங்கதான் ஆஸ்பத்திரி இருக்கு."

"அதான் மூணு மாசம் கழிச்சுன்னாங்களே." குரலைத் தாழ்த்தினார். "களத்துல பாதி அப்படியே கெடக்கு. அண்ணி என்ன சொல்லுவாங்க?"

"என்ன வேணா சொல்லட்டும். நல்லாத்தான் சொல்லுவாங்க."

அவர் கோபப்படப் பார்த்தார். அன்றைக்கு அவரால் கோபப்பட முடியவில்லை, உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. "சரி, ரெஸ்ட் எடு," என்றார். "என் தப்பா இருந்திருந்தா வேற. இப்ப மனசு சமாதானமா இருக்கு. நீயும் சமாதானமா இரு." என் டிக்கெட்டைக் கவுன்ட்டரில் திருப்பிக் கொடுத்தார். என் காப்பியைக் கையில் வைத்தார். சூடு, பார்த்துக் குடி என்றார்.

பேருந்தில் ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கையசைத்தார். நானும் அசைத்தேன். ஓட்டுநர் இன்னும் வரவில்லை. பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் தோக்சூவின் தலை மெல்ல ஒருபக்கமாகச் சாய்ந்தது. வாய் திறந்துகொண்டது. மார்ச்சிலிருந்து வீட்டில் ராத்திரியெல்லாம் அவர் தூக்கமில்லாமல் புரண்டுகொண்டே இருப்பதைக் கேட்டிருக்கிறேன். வண்டி கிளம்புவதற்கு முன்பே அவர் நன்றாகத் தூங்கிவிட்டார்.